உயிரியல் மாணவரும் பயிலுநர் பயிற்சியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். உயிரியற் கல்விக்கு இம்மொழி பெரிதும் பொருந்தும். எமது கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த இளையோர் சிலர், “பயிலுநர் பயிற்சிக்கு இடம் தேடுவது எங்ஙனம்?” என வினவுகின்றனர். அவ்வழியில் இடறியும் எழுந்தும் வந்த நாம் அறிந்தவற்றை ஈண்டு உரைப்போம்.

இளமாணிப் பட்டத்துக்குப் பயிலும்போதே, ஆய்வுகூடத்திலேனும் களத்திலேனும் ஓர் ஆய்வாளரின் கீழ் நின்று தொழில் பழகுவதே இப்பயிற்சியாம். இடம் தேடுவோர் முதலில் தம் அயலை நோக்குக. வத்தளையிலிருந்து களனி ஆற்றைக் கடந்தால் மட்டக்குளிக் காக்கைதீவில், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தேசிய நீர்வாழ்வள ஆராய்ச்சி நிலையம் உளது. பொறளையில், 1900இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் உளது. வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலம், நீர்கொழும்பு வாவியோடு சேர்ந்து ஏறத்தாழ 6,000 ஹெக்டேயர் பரந்து கிடக்கின்றது. அதன் ஒரு பகுதி 1996இல் சரணாலயமாயிற்று. அங்கு மாதிரி சேகரிக்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

நாம் முதலில் ஒரே கடிதத்தைப் பன்னிரண்டு இடங்களுக்கு அனுப்பினோம். ஒரு மறுமொழியும் வந்திலது. பின்னர் ஓர் ஆய்வாளரின் கட்டுரையை வாசித்து, விளங்காத ஓரிடத்தைக் குறித்து வினவி, கற்ற பாடங்களையும் வரக்கூடிய நாள்களையும் ஒரே பக்கத்தில் எழுதினோம். அதற்கே மறுமொழி கிடைத்தது. துறைத் தலைவரின் கடிதத்தையும் உடன் வைத்தல் நன்று. உதவிப்பணம் உண்டோ என முன்னரே கேட்டறிதல் இழிவன்று. வீட்டு நிலை அறிந்து இறங்குதல் கடன்.

இடம் பெறுதலினும் பயிற்சியை நிறைவு செய்தல் அரிது. குறிப்பேட்டை அன்றன்றே மையால் எழுதுக; பிழையை அழியாது, ஒரு கோட்டால் வெட்டித் திகதியிடுக. நாள்தோறும் காலையில் நீரின் உவர்த்தன்மையை அளப்பது எம் பணி. ஒரு நாள் காய்ச்சலாற் செல்லவில்லை. மறுநாள் வெற்றுக் கட்டம் எம்மை உறுத்தியது. முன்னாள் எண்ணை இட்டால் அறிவார் யார்? பேனாவையும் எடுத்துவிட்டோம். ஆயினும் கட்டத்தை வெறிதே விட்டு, காரணத்தை எழுதி, ஆய்வாளரிடம் உரைத்தோம். அவர் கடிந்திலர், அன்றைய அளவைச் சுட்டினார். இடையிற் பெய்த மழையால் உவர் பெரிதும் குறைந்திருந்தது. எப்போது குறைந்ததென எவரும் அறியார்; நாம் இட எண்ணிய எண்ணோ, அறிந்ததுபோல் பொய்யுரைத்திருக்கும். அன்று கற்றதை எந்நூலிலும் நாம் கற்றிலோம்.

சிறு பணியென எதனையும் இகழற்க. எடின்பரோவில் மாணவராயிருந்த சாள்ஸ் டார்வின், விலங்கியலாளர் றொபேட் கிறான்ற்றுடன் கடற்கரையிற் சிற்றுயிர்களைத் தேடித் திரிந்தார். ஒரு கடற்பிராணியின் முட்டையெனக் கருதப்பட்டவை, தாமே நீந்தும் குடம்பிகள் எனக் கண்டு, 1827இல், தம் 18ஆம் வயதில், மாணவர் கழகமொன்றில் உரைத்தார். பீகிள் கப்பற் பயணம் தொடங்கியது அதன்பின் 1831இலேயே.

ஆய்வுகூடங்களிலும் திணைக்களங்களிலும் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஓர் இளையோருக்கேனும் உங்கள் அருகில் ஒரு மேசை ஒதுக்குக. எம்மை வளர்த்த கல்லூரிக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.