அலகில் வெட்டு, கழுத்தில் வலி

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் குஞ்சுகளுக்கு மூக்கு வெட்டுவது வழக்கம். ஒரு வாரம், பத்து நாள் வயதில் முதல் வெட்டு. பல பண்ணைகளில் மூன்று மாதம் வாக்கில் இன்னொன்று. செக்கச்செவேலெனச் சுட்ட பிளேடில் அலகு நுனியை வைத்து அழுத்துவார்கள். வெட்டும் சூடும் சேர்ந்து விழுவதால் ரத்தம் நின்றுவிடும். கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் குதறக்கூடாது, தீவனம் சிந்தக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

அலகு நகம் மாதிரிதானே என்பார்கள். இல்லை. கொம்பு போன்ற அந்த உறைக்கு அடியில் தோலும் எலும்பும் உண்டு. நுனிவரை நரம்பு ஓடுகிறது. தீவனத்தில் மக்காச்சோளம் எது, கிளிஞ்சல் எது என்று தொட்டறிவது அந்த நுனிதான்.

அந்த உணர்வைச் சுமப்பது ஐந்தாம் மூளை நரம்பு. கண், மேல்தாடை, கீழ்த்தாடை என மூன்று கிளைகள் கொண்டதால் அதற்கு முக்கிளை நரம்பு என்று பெயர். மூளைத்தண்டில் நுழைந்ததும் தொடுவுணர்வு இழைகளில் பெரும்பாலானவை பக்கத்திலேயே உள்ள முதன்மை உட்கருவில் முடிந்துவிடும். வலியையும் சூட்டையும் சொல்லும் இழைகள் மட்டும் கீழே திரும்பி, முகுளத்தைத் தாண்டி, கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதி வரை இறங்குகின்றன. கூடவே நீளமாக இறங்கும் நரம்பணுத் தொகுதிதான் முக்கிளை நரம்பின் தண்டுவட உட்கரு. அது எங்கே முடிகிறது, தண்டுவடத்தின் பின்கொம்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகின்றன.

நமக்கும் இதே அமைப்புதான். கழுத்தின் இரண்டு, மூன்றாம் துண்டம் வரை இறங்குகிறது. வாயைச் சுற்றிய பகுதியின் வலி உட்கருவின் மேல்பக்கம், காதோரத்து வலி கீழ்ப்பக்கம் என்று முகம் வெங்காயத் தோலைப் போல அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. கழுத்து நரம்புகளும் அதே கீழ்ப்பகுதியில் வந்து சேர்வதால், கோளாறு கழுத்தில் இருக்க, நெற்றி வலிக்கிறது.

1985இல் ப்ரூவர்ட், ஜென்டில் என்ற ஆய்வாளர்கள் அலகு வெட்டிய கோழிகளின் நரம்பைச் சோதித்தார்கள். அறுபட்ட நரம்பு முனைகள் முடிச்சிட்டுப் புடைத்திருந்தன; யாரும் தொடாமலேயே அவற்றிலிருந்து மின்துடிப்புகள் கிளம்பின. அலகு நுனி போன பிறகும் அதைப் பற்றிய செய்தி உட்கருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

சின்னஞ்சிறு குஞ்சில் கொஞ்சமாக வெட்டினால் இந்த முடிச்சுகள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. வளர்ந்த கோழிக்கு அவை மறையும் வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் முதல் வெட்டை அளவாக, சரியாகச் செய்து, மூன்றாம் மாத வெட்டை விட்டுவிட வேண்டும் என்பேன்.