லீசுக்கு வீடு எடுக்கலாமா? புதிய ஊரில் வீடு தேடும் குடும்பங்களுக்கு...

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் நெருங்கினால், சென்னைக்குக் குடிவரும் குடும்பங்கள் நம்மிடம் வீடு பற்றிக் கேட்டு வருவது வழக்கம். நெல்லைப் பக்கத்திலிருந்து வேலை மாற்றலாகி வந்த சகோதரர் ஒருவர் ஜுமுஆ முடிந்தும் போகாமல் காத்திருந்தார். "ஹஜ்ரத், எட்டு லட்சம் கொடுத்தா ரெண்டு வருஷத்துக்கு வாடகையே கிடையாதாம். காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்பத் தந்துடுவாங்களாம். எடுத்துக்கலாமா?" என்றார்.

"பணத்துக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டோம். "வீட்டுல நகை இருக்கு. பேங்க்ல வச்சுப் புரட்டலாம்னு..." என்று இழுத்தார்.

சென்னையில் 'லீசு', தென் மாவட்டங்களில் 'ஒத்தி', பத்திரத்தில் 'போக்கியம்' என்று சொல்லப்படுவது இதுதான். வாடகை மிச்சம், அசலும் பத்திரம் என்று தோன்றுவதால், மார்க்கப் பேணுதல் உள்ள குடும்பங்களும் யோசிக்காமல் இறங்கிவிடுகின்றன.

வாடகையா, கடனா?

பெயரை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். அவர் பார்த்த வீட்டைப் போன்ற வீட்டுக்கு அந்தத் தெருவில் மாத வாடகை 15,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு 3,60,000 ரூபாய். கொடுத்த எட்டு லட்சம் அப்படியே திரும்பி வருகிறது என்றால், அது வாடகை அல்ல. வீட்டுக்காரருக்கு நாம் கொடுத்த கடன். அந்தக் கடனுக்காக 3,60,000 ரூபாய் பெறுமானமுள்ள குடியிருப்பை இலவசமாக அனுபவிக்கிறோம்.

கடன் கொடுத்தவர் நிபந்தனையிட்டுப் பெறும் ஆதாயம் வட்டி என்பது ஃபிக்ஹு சட்டத்தின் அடிப்படை. அந்த ஆதாயம் ரூபாயாக வந்தாலும் குடியிருப்பாக வந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

"வீட்டுக்காரர் மனம் ஒப்பித்தானே தருகிறார்?" என்று கேட்பார்கள். வட்டிக்கு வாங்குபவரும் ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறார். "மாதம் நூறு ரூபாய் வாடகை என்று எழுதிக்கொண்டால்?" என்றும் கேட்பார்கள். எட்டு லட்சம் கொடுக்காதவருக்கு அந்த வீட்டை நூறு ரூபாய்க்கு யாரும் தரமாட்டார்கள். எனவே அந்த நூறு ரூபாய் பேருக்குத்தான்.

பிற்கால ஹனஃபி அறிஞர்கள் சிலர், இதற்கு நெருக்கமான 'பைஉல் வஃபா' என்ற முறையை மக்களின் தேவை கருதி அனுமதித்தது உண்டு. ஆயினும் 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி அதையும் கூடாது என்றே முடிவு செய்தது.

அந்தச் சகோதரர் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. வாடகையை மிச்சப்படுத்த, நகையை அடகு வைத்து வங்கிக்கு வட்டி கட்டவேண்டும். ஒரு வீட்டுக்காக இரண்டு பக்கமும் வட்டி.

உலகக் கணக்கிலும் இதில் ஆபத்து உண்டு. வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருக்கலாம். வீட்டை வாடகைக்கு எடுத்தவரே உரிமையாளர்போல் நடித்து லீசுக்கு விட்ட மோசடிகளும் நடந்துள்ளன.

ஹலாலான வழிகள்

ஒன்று, அளவான முன்பணம் கொடுத்து மாத வாடகைக்குப் போவது. இரண்டு, கையில் பணம் இருந்தால் ஓராண்டு வாடகையை முன்கூட்டியே கொடுத்து, அதற்காக வாடகையைக் குறைத்துக் கேட்பது. 15,000 ரூபாய் வீட்டை 13,500-க்குப் பேசினால், ஆண்டுக்கு 1,62,000 ரூபாய். இது வீட்டுக்காரருக்கே சொந்தமாகிவிடும் வாடகை. திரும்பி வரும் கடன் அல்ல. எனவே தடையில்லை. இடையில் காலி செய்தால் மீதி மாதங்களுக்கு என்ன என்பதை மட்டும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

முன்பணத்தைப் பற்றிச் சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்வோம். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனத்தில் அல்லாஹ் நமக்குக் கற்றுத் தருகிறான். "தெரிந்தவர்தானே, நம்ம ஆள்தானே" என்று எழுதாமல் விட்ட முன்பணங்கள்தாம் பிற்பாடு ஜமாஅத் பஞ்சாயத்துக்கு வருகின்றன. காலி செய்யும்போது பெயின்ட் செலவு யாருடையது என்பதைக்கூட எழுதிவிடுவது நல்லது.

பார்க்கும்போதே கேளுங்கள்

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா, அல்லது வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவாரா? தனி இணைப்பு இருந்தால் இலவச யூனிட் சலுகை நமக்கு நேராகக் கிடைக்கும். மே மாதத்தில் தண்ணீர் எப்படி? 2015 மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? இதைத் தரகரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்று அரபிகள் சொல்வார்கள்.

பெயரைக் கேட்டதும் "வீடு முடிஞ்சிருச்சு" என்ற பதில் வருவதும் உண்டு. மனம் வலிக்கத்தான் செய்யும். அதற்காகப் பெயரையோ, உணவுப் பழக்கத்தையோ, வீட்டில் இருப்போரின் எண்ணிக்கையையோ மறைத்து வீடு எடுக்க வேண்டாம். பொய்யில் தொடங்கிய குடியிருப்பில் நிம்மதி இருக்காது. நமக்குப் பின்னால் வரும் முஸ்லிம் குடும்பத்துக்கும் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள் தம் வீட்டில் தங்க வைத்தார்கள். நாம் வீட்டைத் திறந்துவிட வேண்டாம்; காலியாக இருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லலாம், புதியவருக்காகப் பேசலாம். வீட்டு உரிமையாளராக இருந்தால் முன்பணத்தைக் குறைக்கலாம், காலி செய்பவரின் பணத்தை இழுத்தடிக்காமல் கொடுக்கலாம்.

அந்தச் சகோதரர் லீசு வீட்டை விட்டுவிட்டார். நமது மஹல்லாவாசி ஒருவர் காட்டிய, ஒரு அறை குறைவான வீட்டில் மாத வாடகைக்கு இருக்கிறார். "நகை வீட்டுலயே இருக்கு ஹஜ்ரத்" என்று சிரித்தபடி சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

நம் வீடுகளை நிம்மதி தரும் இடங்களாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.