மூளைப் படங்களும் கணிப்பொறிப் பிழைகளும்

செய்தித்தாள்களிலும் பாடநூல்களிலும் இக்காலத்தில் அடிக்கடி காணப்படும் படம் ஒன்றுண்டு. சாம்பல் நிறமான மூளையின் குறுக்குவெட்டின்மீது செம்மையும் மஞ்சளும் கலந்த திட்டுகள் சில பதிந்திருக்கும். அதன் கீழே, ‘இசை கேட்கும்போது மூளையின் இப்பகுதி ஒளிர்கிறது’ என்பது போன்ற ஒரு வரி இருக்கும். இவ்வாறு எழுதும் வழக்கத்தை நாம் கைவிடுதல் நலம். மூளையில் எதுவும் ஒளிர்வதில்லை. அத்திட்டுகள் நிழற்படக் கருவி பிடித்தவை அல்ல. கணிப்பொறி ஒன்று நெடுநேரம் கணக்கிட்டு, இன்ன இடத்தில் மாறுதல் நிகழ்ந்திருக்கலாம் என்று முடிவு செய்து, பின்னர் வண்ணம் தீட்டியவை. கணக்குப் பிழைபட்டால் வண்ணமும் பிழைபடும். ஆனால் படத்தின் அழகு சிறிதும் குறைவதில்லை. இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

இப்படங்கள் எவ்வாறு கிடைக்கின்றன என்பதைச் சிறிது நோக்குவோம். பிராணவாயு நிறைந்த இரத்தமும் அதனை இழந்த இரத்தமும் காந்தப் பண்பில் வேறுபடுவன. இவ்வேறுபாட்டைக் கொண்டு மூளையைப் படமெடுக்க இயலும் என்பதை அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய செய்ஜி ஒகாவா என்னும் ஜப்பானிய அறிஞர் 1990-இல் எலிகளைக் கொண்டு காட்டினார். 1992-இல் மனிதரிடத்தும் அது மெய்ப்பிக்கப்பட்டது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது எம்.ஆர்.ஐ. கருவி பெறும் அலைக்குறியில் உண்டாகும் ஏற்றம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே. மூச்சும், நாடித்துடிப்பும், தலையின் சிறு அசைவும், கருவியின் சூடும் விளைக்கும் குழப்பம் அதற்கு ஒப்பாகவோ மிகுதியாகவோ இருக்கும். ஆகவே இந்நுண்ணிய மாறுதலைக் கணிதத்தின் துணை கொண்டே பிரித்தெடுக்க வேண்டியுள்ளது. இலண்டனில் தோன்றிய எஸ்.பி.எம்., ஆக்ஸ்போர்டில் தோன்றிய எப்.எஸ்.எல்., அமெரிக்காவில் தோன்றிய ஆப்னி, பிரீசர்பர் ஆகியவை இதற்கென உலகெங்கும் கையாளப்படும் நிரல் தொகுதிகள். கோப்பின் வடிவத்தை மாற்றுதல், தலையசைவைத் திருத்துதல், மண்டையோட்டை நீக்குதல், மாதிரி மூளையொன்றுடன் பொருத்துதல், இறுதியாகப் புள்ளியியற் சோதனை எனப் படிப்படியாக வேலை நடைபெறுகிறது.

இத்தொகுதிகளில் நேரும் பிழைகள் இருவகைப்படும். நிரல் இடையே நின்றுபோவது ஒருவகை; இறுதிவரை ஓடி முடிந்து தவறான விடை தருவது மற்றொரு வகை. புதிதாக இப்பணிக்கு வருவோர் முதல்வகையைக் கண்டே அஞ்சுகின்றனர். உண்மையில் அது அத்துணைக் கொடியதன்று. தன் குறையைத் தானே அறிவித்துவிடுகிறது. ஆயினும் அவ்வறிவிப்பைப் படிக்கும் முறை ஒன்றுண்டு. நிரல் எழுதிவைக்கும் செயற்பதிவின் கடைசி வரியைப் படித்துவிட்டு, ‘கோப்பைக் காணோம்’ என்று கூறுகிறதே எனப் பகல் முழுதும் கோப்பைத் தேடுவோர் பலர். அக்கோப்பு இல்லாமைக்குக் காரணம் முந்திய படியிலேயே வட்டில் இடம் தீர்ந்துபோனதாக இருக்கலாம். பதிவை மேலிருந்து படித்துவந்து, முதன்முதல் தோன்றும் பிழைச் செய்தியைப் பிடிக்க வேண்டும்.

இடம் தீர்ந்துபோவது எவ்வளவு எளிது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். ஒரு தடவை எடுக்கும் மூளைப்படம் 64-க்கு 64 புள்ளிகள் கொண்ட 36 அடுக்குகளாக இருப்பதாகக் கொள்வோம். இத்தகைய படங்கள் 200 எடுத்து, புள்ளி ஒன்றுக்கு 2 பைட்டு வீதம் எழுதினால் மொத்தம் ஏறத்தாழ 5 கோடியே 90 இலட்சம் பைட்டுகள். இதனை மாதிரி மூளையின் அளவுக்குப் பொருத்தும்போது ஒவ்வொரு படமும் 91, 109, 91 என்ற அளவுக்கு விரிகிறது. புள்ளிக்கு 4 பைட்டும் தேவையாகிறது. முடிவு ஏறத்தாழ 72 கோடி பைட்டுகள், அதாவது பன்னிரண்டு மடங்கு. படிகள்தோறும் ஒரு பிரதி எழுதப்படும். நாற்பது பேருடைய படங்களை ஒருசேர இயக்கிவிட்டு வீடு சென்றவர், மறுநாட் காலையில் நின்றுபோன நிரலைக் காண்பதில் வியப்பில்லை.

கோப்பின் தலைப்பகுதியும் அடிக்கடி தொல்லை தருவது. நிப்டி எனப்படும் கோப்பின் முதல் எண் பெரும்பாலும் 348 ஆகும். தலைப்பகுதியின் நீளத்தை அது குறிப்பது. அவ்விடத்தில் 1543569408 என்ற எண் தோன்றுமாயின், கோப்புக் கெட்டுவிட்டதென்று முடிவு செய்தல் கூடாது. அதே 348-இன் நான்கு பைட்டுகளும் தலைகீழ் வரிசையில் படிக்கப்பட்டுள்ளன என்பதே பொருள். கோப்பின் பெயரில் இடைவெளி விட்டு எழுதுவதும் ஒரு குறையே; கட்டளை வரியில் இயங்கும் நிரல்கள் பல அதனை இரு பெயர்களாகக் கொண்டு திகைத்து நிற்கும். இவை எவற்றாலும் காரணம் விளங்காதபோது, தொகுதியை ஆக்கியோர் அளித்துள்ள மாதிரிக் கோப்புகளை அதே நிரலில் இயக்கிப் பார்க்கலாம். அவை ஒழுங்காக ஓடினால் குறை நம்முடைய கோப்பிலோ நாம் கொடுத்த கட்டளையிலோ உள்ளது. அவையும் நின்றுபோனால் நிரலை நிறுவியதில் உள்ளது. தேட வேண்டிய இடம் இவ்வொரு சோதனையால் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இரண்டாம் வகைப் பிழைக்கு வருவோம். அவற்றுள் மிக எளிதாக நேர்வதும் மிகத் தீயதும் இடவலம் மாறுதலே. மருத்துவமனைகளில் படம் பார்க்கும் மருத்துவர்கள், நோயாளியின் காலடியில் நின்று நோக்குவதுபோலக் காண்பது மரபு. ஆகவே நோயாளியின் வலப்புறம் படத்தின் இடப்புறமாக அமையும். மூளை ஆராய்ச்சியாளர் பலரோ வலத்தை வலமாகவே வைத்துக் காண்பர். இவ்விரு மரபுகளும் இன்றும் வழக்கில் உள்ளன. அனலைஸ் என்னும் பழைய கோப்பு வடிவத்தில் எது வலம் என்பதை ஐயமறக் குறித்துவைக்க வழியில்லாதிருந்தது. இக்குறையை நீக்கவே நிப்டி வடிவம் வகுக்கப்பட்டது. அதிலும் திசையைக் குறிக்க இரு இடங்கள் உள்ளன. இரண்டும் முரண்பட்டால் ஒரு நிரல் ஒன்றையும் மற்றொரு நிரல் மற்றதையும் நம்பக்கூடும்.

மேலும் கீழும் மாறினால் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். முன்னும் பின்னும் மாறினாலும் கண்களைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். மூளையின் இரு பாதிகளும் ஏறக்குறைய ஒத்திருத்தலின் இடவலம் மாறியதை வெறும் பார்வையால் அறிதல் அரிது. பெரும்பாலோர்க்குப் பேச்சுக்குரிய பகுதி இடப்பக்க மூளையில் உள்ளது. கட்டி ஒன்றை அகற்றுமுன், பேச்சுப் பகுதி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அறிய அறுவை மருத்துவர் இத்தகைய படத்தை நாடுவதுண்டு. அப்போது இடம் வலமாயின் விளைவு என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு ஆராய்ச்சிக்கூடங்களில் கையாளப்படும் பரிகாரம் மிக மலிவானது. மருந்துக்கடையில் கிடைக்கும் வைட்டமின் ‘ஈ’ மாத்திரைக் குப்பி அல்லது மீனெண்ணெய்க் குப்பி ஒன்றை, படமெடுக்குமுன் வலப்பக்கப் பொட்டின்மேல் ஒட்டிவிடுகின்றனர். எண்ணெயாதலின் அது உடலமைப்பைக் காட்டும் படத்தில் வெண்மையான மொட்டுப்போலத் தெரியும். எத்தனை நிரல்களின் வழியாகச் சென்றாலும், தலையின் மேற்புறம் வெட்டப்படாத வரையில், அம்மொட்டு இருக்கும் பக்கமே வலம். படமெடுக்கும் கூடத்துப் பணியாளர் எப்பக்கத்தில் ஒட்டினோம் என்பதை ஏட்டில் எழுதிவைத்தல் இன்றியமையாதது. எழுதாவிட்டால் குப்பியால் பயனில்லை.

மண்டையோட்டை நீக்கும் படியில் மூளையின் ஓரம் சிறிது வெட்டுண்டு போவதும், கண்விழிகள் மூளையோடு ஒட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. பொருத்தும் படியில், தொடக்கத்திலேயே தலை மிகச் சாய்ந்திருந்தால் நிரல் வழிதவறி, தலைகீழான மூளையை நேரான மூளைமீது ‘வெற்றியுடன்’ பொருத்திவிடும். இவற்றை ஒவ்வொரு படி முடிந்ததும் திரையில் திறந்து பார்த்தாலே போதும். அறிய வேறு கணிதம் வேண்டுவதில்லை. நூறு பேருடைய படங்களைப் பார்க்க ஒரு நாள் செலவாகும் என்று தயங்குவோர், அந்நாளைச் சேமித்துப் பின்னர் ஓராண்டை இழக்க நேரிடும். பொருத்துவதற்குரிய மாதிரி மூளையும் கருதத்தக்கது. பெரிதும் வழங்கும் மாதிரி, கனடாவின் மான்ட்ரியல் நகரில் 152 பேருடைய படங்களைக் கொண்டு ஆக்கப்பட்டது. ஐதராபாத்தின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார் நூறு இந்தியருடைய படங்களிலிருந்து ஒரு மாதிரியை 2019-இல் வெளியிட்டனர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தாரும் வெவ்வேறு வயதினர்க்குரிய இந்திய மாதிரிகளை ஆக்கியுள்ளனர்.

தலையசைவு பற்றி 2012-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. மிகச் சிறிய அசைவுங்கூட, அருகருகே உள்ள பகுதிகளிடையே தொடர்பு மிகுந்திருப்பதாகவும், தொலைவிலுள்ளவற்றிடையே குறைந்திருப்பதாகவும் பொய்த்தோற்றம் விளைக்கும் என்று அவர்கள் காட்டினர். குழந்தைகள் பெரியோரைவிட மிகுதியாக அசைவார்கள். ஆகவே ‘வளர்ச்சியின் வேறுபாடு’ என்று கருதப்பட்டவற்றுள் ஒரு பங்கு வெறும் அசைவின் வேறுபாடாயிற்று. அசைவைத் திருத்தும் நிரல் அங்கு ஓடாமல் இல்லை, ஓடித்தான் முடிந்தது.

இனிப் புள்ளியியற் சோதனை. மூளையை 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாகப் பகுத்தால் ஏறத்தாழ 48,000 கிடைக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனியே, ஆயிரத்தில் ஒரு தடவையே தவறலாம் என்ற கடுமையான வரம்பு வைத்துச் சோதித்தாலும், எதுவுமே நிகழாத மூளையில் 48 கனசதுரங்கள் தற்செயலாக வண்ணம் பெற்றுவிடும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். நாற்பது மாணவர்களை ஆளுக்கு ஐந்து முறை நாணயம் சுண்டச் சொல்லுங்கள். ஐந்தும் தலையாக விழும் வாய்ப்பு 32-இல் ஒன்று. எனினும் நாற்பது பேரில் ஒருவருக்காவது அவ்வாறு விழும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபதுக்கு மேல். அம்மாணவரிடம் தனித்திறமை உண்டென்று எவரும் கருதுவதில்லை.

2009-இல் கிரெய்க் பென்னட் என்பாரும் அவருடைய தோழர்களும், கடையில் வாங்கிய செத்த சால்மன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ. கருவியில் கிடத்தி, மனிதர் பிறரோடு பழகும் நிலைகளைக் காட்டும் படங்களை அதற்குக் காண்பித்து, அவர்கள் எத்தகைய உணர்ச்சியில் இருக்கின்றனர் என்று முறைப்படி வினவினர். பன்முறைச் சோதனைக்குரிய திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது மீனின் மூளையில் சில கனசதுரங்கள் வண்ணம் பெற்றன. திருத்தம் செய்ததும் அவை யாவும் மறைந்தன. நகைப்புக்குரியதாகத் தோன்றும் இச்சோதனைக்கு 2012-இல் இக்நோபெல் பரிசும் கிடைத்தது. நாம் இதனை நகைச்சுவையாக மட்டும் கொள்ளலாகாது. விடை முன்னரே தெரிந்த பொருளை நிரலுக்குக் கொடுத்து, நிரல் என்ன சொல்கிறது என்று பார்க்கும் முறை இதில் அடங்கியுள்ளது.

இதே முறையைப் பெரிய அளவில் 2016-இல் செய்து காட்டியோர் சுவீடனைச் சேர்ந்த எக்லுண்ட், நட்சன் ஆகியோரும் இங்கிலாந்தைச் சேர்ந்த நிக்கல்சும் ஆவர். எவ்வேலையும் செய்யாமல் படுத்திருந்த 499 நலமுள்ளவர்களுடைய படங்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் ஏதோ வேலை செய்ததாகப் பாவித்து, எஸ்.பி.எம்., எப்.எஸ்.எல்., ஆப்னி ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ 30 இலட்சம் தடவை கணக்கிட்டனர். மெய்யான விடை ‘ஒன்றுமில்லை’ என்பதே. நூற்றுக்கு ஐந்து தடவை தவறலாம் என்று கூறிக்கொண்ட நிரல்கள், ஒருசார் நிலைகளில் எழுபது தடவை வரை தவறின. அடுத்தடுத்துள்ள கனசதுரங்கள் சேர்ந்து திரளாக வண்ணம் பெறும்போது அத்திரளின் பருமனைக் கொண்டு முடிவு செய்யும் முறையிலேயே இக்குறை மிகுந்து காணப்பட்டது. அண்டைக் கனசதுரங்களின் ஒப்புமை தொலைவு செல்லச் செல்ல எவ்வாறு தேய்கிறது என்பது பற்றி நிரல்கள் கொண்டிருந்த அனுமானம் மெய்யான மூளைக்குப் பொருந்தவில்லை. ஆப்னியின் ஒரு நிரலில் பதினைந்து ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத பிழை ஒன்றும் இருந்தது. அது 2015-இல் திருத்தப்பட்டது. 40,000 ஆராய்ச்சிகள் ஐயத்திற்கு உள்ளாயின என்று முதலில் வெளியான கூற்று மிகையென்று பின்னர் மாற்றப்பட்டது. நிக்கல்ஸ் ஏறத்தாழ 3,500 என மதிப்பிட்டார். திரளை வகுக்கும் வரம்பை நூற்றில் ஒன்றிலிருந்து ஆயிரத்தில் ஒன்றாக இறுக்கினால் தவறு பெரிதும் குறைகிறது என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டிற்று.

நிரலின் பதிப்பு எண்ணைக் குறித்துவைத்தல் வீண்வேலை என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. 2012-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அதே மூளைப்படங்களைப் பிரீசர்பர் தொகுதியின் வெவ்வேறு பதிப்புகளில் இயக்கியபோது, மூளைப் பகுதிகளின் பருமன் சராசரியாக நூற்றுக்கு 8.8 பங்கு வேறுபட்டது. கணிப்பொறியின் இயக்க நிரல் மாறியபோதும் சிறு வேறுபாடுகள் தோன்றின. நோயாளிகளின் படங்களைப் பழைய பதிப்பிலும் நலமுள்ளோர் படங்களைப் புதிய பதிப்பிலும் இயக்கியவர், நோயின் அடையாளத்தைக் கண்டதாக எண்ணிப் பதிப்பின் அடையாளத்தையே கண்டிருப்பார். ஆராய்ச்சி நடுவே இருக்கும்போது புதிய பதிப்புக்கு மாறாதிருத்தல் வேண்டும். மாறியே ஆக வேண்டுமாயின் எல்லாப் படங்களையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து இயக்க வேண்டும்.

தம்மால் தீராத பிழையை நிரல் ஆக்கியோர்க்கு எழுதுவோர் பதிப்பு எண், கொடுத்த கட்டளை, முதற் பிழைச் செய்தி ஆகியவற்றை எழுத்து மாறாமல் அனுப்ப வேண்டும். சில வேளைகளில் படத்தையே அனுப்புமாறு கேட்பர். அப்போது எச்சரிக்கை தேவை. மருத்துவமனைக் கருவி தரும் கோப்பில் நோயாளியின் பெயரும் பிறந்த நாளும் பதிந்திருக்கும். அவற்றை நீக்கினாலும் முகம் இருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார், 84 பேருடைய தலைப்படங்களிலிருந்து கணிப்பொறியால் முகங்களை உருவாக்கி, அவர்களுடைய நிழற்படங்களுடன் ஒப்பிட்டபோது 70 பேர் சரியாக அடையாளம் காணப்பட்டனர். முகத்தை மட்டும் அகற்றும் நிரல்கள் உள்ளன. அவற்றைக் கையாண்ட பிறகே படத்தை வெளியே அனுப்புதல் முறை. அவை சிற்சில தடவை நெற்றிக்குப் பின்னுள்ள மூளையையும் சேர்த்து வெட்டிவிடுமாதலின், அனுப்புமுன் படத்தை மீண்டும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.