சிக்னல் பூஸ்டர் வாங்கும் முன்

வீட்டுக்குள் செல்போனில் சிக்னல் எடுக்கவில்லை என்றால் பலரும் தேடிப்போவது சிக்னல் பூஸ்டரைத்தான். மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா, கூடத்தில் இன்னொன்று, நடுவே ஒரு பெட்டி. ஆனால் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தவிர வேறு யாரும் இதை விற்பதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022-இல் அறிவுறுத்தியது. தடைக்கான காரணம் ஆன்டெனாவின் இயல்பிலேயே இருக்கிறது.

ஆன்டெனா புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டால் குரல் ஒரு பக்கமாகக் கூடுதல் தூரம் போகும். தொண்டையின் வலு அதேதான். ஆன்டெனாவும் அப்படித்தான், கிடைத்ததை ஒரு திசையில் குவிக்கிறது. அதன் அளவும் அலையின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதற்கான அரை அலை ஆன்டெனா ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். ஒரு அலைவரிசைக்கு வெட்டியது இன்னொன்றில் அதே திறனோடு வேலை செய்யாது. மெல்லிய கேபிள் என்றால் 10 மீட்டரிலேயே பிடித்த சிக்னலில் பாதிக்கு மேல் வெப்பமாகக் கரைந்துவிடும். இந்த இழப்பையெல்லாம் ஈடுகட்டும் பொறுப்பு பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் மீது விழுகிறது. 70 டெசிபல் பெருக்கம் என்றால் ஒரு கோடி மடங்கு. மாடி ஆன்டெனாவும் கூடத்து ஆன்டெனாவும் போதிய இடைவெளியின்றி இருந்தால், கல்யாண மண்டபத்தில் மைக் ஸ்பீக்கருக்கு அருகே போகும்போது கூச்சலிடுவதுபோல, பெட்டி தானே அலறத் தொடங்கும். அந்த அலறல் நம் காதில் விழாது; டவரின் காதில் விழும். டவரோ அந்த வட்டாரத்துப் போன்கள் அனைத்தின் மெல்லிய அலைகளையும் கேட்டுப் பிரித்தறிய வேண்டிய கருவி. இரைச்சல் கூடினால் தொலைவில் இருக்கும் போன்கள்தான் முதலில் துண்டிக்கப்படும். அவற்றில் ஒன்று அவசர உதவிக்கான 112-ஐ அழைத்துக்கொண்டிருக்கலாம்.

“பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். கெடுதல் வைத்தவர் வீட்டில் தெரியாது என்பதே இதன் சிக்கல். அமெரிக்காவில் அனுமதி உண்டே என்ற கேள்வி இன்னும் நியாயமானது. அங்கே இரைச்சலையும் அலறலையும் கண்டால் தானே அடங்கும்படி வடிவமைத்து, சான்று பெற்ற கருவிக்கே அனுமதி. செல்போன் நிறுவனத்தின் ஒப்புதலும் பதிவும் வேண்டும். நம் சந்தையில் கிடைக்கும் பெயரற்ற பெட்டிக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை.

அதற்காகச் சிக்னல் இல்லாமல் தவிக்க வேண்டியதில்லை. பணம் கட்டுபவருக்குச் சேவை கேட்கும் உரிமை உண்டு. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங் வசதியை இயக்கிப் பார்க்கலாம். பல வீடுகளில் அதுவே போதும். இல்லையென்றால் உங்கள் செல்போன் நிறுவனத்திடம் 198-இல் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் தங்கள் சேவை எட்டும் பகுதிகளின் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் வகுத்த விதி. உங்கள் தெரு அந்த வரைபடத்தில் சேவையுள்ள பகுதியாகக் காட்டப்பட்டிருந்தால், அந்தப் படத்தையும், வீட்டின் ஒவ்வொரு அறையிலும் போன் காட்டும் சிக்னல் அளவையும், தேதி நேரத்தோடு புகாருடன் இணையுங்கள்.