வானியல் முதுநிலைக் கல்வி: வாயிலும் வழிகளும்

வேதியியலார் தம் பொருளைக் குடுவையில் இட்டுச் சூடேற்றலாம். உயிரியலார் தம் பொருளை அறுத்துப் பார்க்கலாம். வானியலார்க்கு அவ்வாய்ப்பு இல்லை. தொலைவிலுள்ள விண்மீனிடமிருந்து அவர்க்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒளி ஒன்றே. அவ்வொளியை நிறமாலையாக விரித்து, அதனுள் தோன்றும் வரிகளைக் கொண்டே விண்மீனின் வெப்பநிலை, வேதிச்சேர்மானம், விரைவு ஆகியவற்றை அவர் கணிக்கிறார்.

இம்முறையின் வெற்றியை நம் நாட்டு வரலாறே காட்டும். 1868 ஆகஸ்டு 18 அன்று இந்திய மண்ணில் தெரிந்த முழுக் கதிரவ மறைப்பின்போது ஆந்திரப் பகுதியிலிருந்து நோக்கிய அறிஞர்கள், கதிரவ விளிம்பின் தழல்களில் ஒளிர்வரிகளைக் கண்டனர். அவற்றுள் மஞ்சள் நிற வரியொன்று அறிந்த தனிமம் எதனோடும் பொருந்தவில்லை. அதற்குரிய ஹீலியம் புவியில் பிரித்தறியப்பட்டது 1895இல்தான். கொடைக்கானல் வான்நோக்குக் கூடத்தில் 1909இல் ஆய்ந்த ஜான் எவர்ஷெட், கதிரவப் புள்ளிகளின் நிறமாலை வரிகள் சற்றே இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டு, புள்ளியின் நடுவிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்கிறது என்று நிறுவினார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒளியிலிருந்து உண்மையைப் பெயர்த்தெடுக்கும் கருவி இயற்பியலே. ஆதலின் வானியலைக் கற்க விழையும் மாணவர் நுழைய வேண்டிய தலைவாயிலும் இயற்பியலே ஆகும். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். குவாண்டம் புள்ளியியலையும் சார்பியலையும் ஒருங்கிணைத்து, வெண்குறுமீனின் நிறைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்று அப்பயணத்திலேயே கணக்கிட்டார். கதிரவ நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கான அவ்வரம்பை அவருக்குக் காட்டியது தொலைநோக்கி அன்று. இயற்பியலில் அவர் பெற்றிருந்த தேர்ச்சியே. 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றதும் இயற்பியலுக்காகத்தான்.

இந்தியாவில் இளநிலை முடித்தோர்க்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பலரும் சென்ற பெருவழி: இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, அதன்பின் வானியலில் முனைவர் ஆய்வுக்குச் செல்லுதல். மின்காந்தவியல், குவாண்டம் இயங்கியல், புள்ளியியல் இயற்பியல், பாய்ம இயக்கவியல் ஆகியவற்றை ஆழக் கற்றவர், வானியலின் எப்பிரிவுக்கும் பின்னர் மாறிக்கொள்ளலாம். ஆர்வம் வேறு துறைக்குத் திரும்பினும் கற்றது வீண்போகாது.

இரண்டாவது, வானியல் என்ற பெயரிலேயே அமைந்த முதுநிலைப் பட்டம். ஐதராபாத்து உஸ்மானியா பல்கலைக்கழகம், இந்தூர் ஐஐடி, திருவனந்தபுரத்து இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை இத்தகைய படிப்புகளை நடத்தி வந்துள்ளன. நோக்கீட்டுப் பயிற்சியும் தரவுப் பகுப்பாய்வும் இங்கே முன்கூட்டியே கைவரும். ஆயினும் இயற்பியல் அடித்தளம் எவ்வளவு ஆழமாகக் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பாடத்திட்டத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டே சேர்தல் நன்று.

மூன்றாவது, இளநிலைக்குப் பின் முதுநிலையையும் முனைவர் பட்டத்தையும் இணைத்துப் பயிலும் ஒருங்கிணைந்த படிப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் இயற்பியலில் இத்தகைய படிப்பை நடத்துகிறது. ஆராய்ச்சியே தம் வாழ்வு என்று துணிந்தவர்க்கு இது ஏற்றது. துணியாதவர்க்கு ஆறேழு ஆண்டுகள் நீளும் பிணைப்பாகலாம்.

முனைவர் நிலையில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தன்மை உண்டு. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஒளியியல் நோக்கீட்டில் நெடுமரபு உடையது. கொடைக்கானல் கூடமும், சவ்வாது மலையின் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியுடைய வைணு பாப்பு கூடமும், லடாக்கின் ஆன்லேயில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியும் அதன் ஆளுகையில் உள்ளன. ரேடியோ வானியலை நாடுவோர்க்குப் புனேயின் தேசிய ரேடியோ வான் இயற்பியல் மையம் உண்டு. 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் கொண்ட கோடாடு தொலைநோக்கித் தொகுதி அதனுடையது. உதகையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய ரேடியோ தொலைநோக்கியையும் அதுவே இயக்குகிறது. கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970இல் எழுந்த அக்கருவி, உதகையின் அகலாங்கான ஏறத்தாழ 11 பாகைக்கு ஒத்த சரிவுள்ள மலையைத் தேர்ந்து அமைக்கப்பட்டது. அதனால் அதன் அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒற்றை அச்சில் திருப்பினாலே வான்பொருளை மணிக்கணக்கில் தொடர இயலும்.

அண்டவியலும் ஈர்ப்பலையியலும் கோட்பாட்டு நிலையில் பயில விரும்புவோர், ஜெயந்த் நார்லிகர் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த புனேயின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வானியல் வான் இயற்பியல் மையத்தை நாடலாம். நைனித்தால் ஆரியபட்டா நிறுவனம் தேவ்ஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கியை இயக்குகிறது. இந்திய அறிவியல் கழகம் பிற நிறுவனங்களோடு இணைந்து நடத்தும் கூட்டு வானியல் திட்டம், பொறியியல் பட்டதாரிகளையும் ஏற்கிறது. கருவியாக்கம் வானியலின் பாதி என்பதால், மின்னணுவியலும் ஒளியியலும் கற்றவர்க்கு இத்துறையில் இடம் நிறையவே உண்டு.

நுழைவுக்குத் தேர்வுகள் பலவாயினும் அவற்றின் பாடம் ஒன்றே. ஐஐடிகளின் முதுநிலைக்கும் அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த படிப்புக்கும் ஜாம். முனைவர் படிப்புக்கு ஜெஸ்ட், நெட், கேட் ஆகியவை. இவை சோதிப்பது இயற்பியலையும் கணிதத்தையும். விண்மீன் குழுக்களின் பெயரை எவரும் கேட்பதில்லை. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுவோர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகவே முனைவர் ஆய்வுக்குக் குடும்பச் செல்வம் கட்டாயமன்று.

சிற்றூர்க் கல்லூரி மாணவர் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2015இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் தரவுகளும் கோடாடு தொகுதியின் தரவுகளும் குறித்த காலத்துக்குப்பின் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்படுகின்றன. பைத்தான் மொழியும் புள்ளியியலும் கற்ற மாணவர், முதுநிலை ஆய்வேட்டையே உண்மையான நோக்கீட்டுத் தரவின்மேல் எழுதலாம். ஆய்வு நிறுவனங்கள் நடத்தும் கோடைக்காலப் பயிற்சிகளும் அவர்க்குத் துணைநிற்கும். அங்கே செலவிடும் சில வாரங்கள், இத்துறை தமக்கு உகந்ததா என்பதை எந்த நூலினும் தெளிவாக உணர்த்திவிடும்.

அவ்வுணர்வு தேவை, ஏனெனில் முனைவர் பட்டத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு என ஆய்வுப் பணியில் இருந்த பின்னரே நிலையான பதவி கிட்டும். பதவிகளோ சில, விழைவோர் பலர். எனினும் பெருந்தரவைக் கையாளவும், பிழையை அளந்து கூறவும், கருவியை வடிவமைக்கவும் பயின்றவரை விண்வெளித் துறையும் கணினித் துறையும் கல்வித் துறையும் வரவேற்கின்றன.

எனவே, சேருமுன் மாணவர் கேட்க வேண்டியவை மூன்று: இங்கு இயற்பியல் ஆழமாகக் கற்பிக்கப்படுகிறதா? எத்தகைய தரவும் கருவியும் என் கைக்கு எட்டும்? யார் என்னை வழிநடத்துவார்? இம்மூன்றுக்கும் நிறைவான விடை கிடைக்கும் இடத்தில், பட்டச் சான்றிதழில் வானியல் என்னும் சொல் இடம்பெறாவிடினும் தயங்காமல் சேரலாம்.