வாயில்லா உயிர்களும் பொய்ச் சான்றுகளும்

கொடுக்கல் வாங்கல் எதுவாயினும் அதற்கு அடிப்படையாய் அமைவது நம்பிக்கையே ஆகும். நாஞ்சில் நாட்டின் மலையடிவாரத்தில், அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களுக்கிடையே அமைந்த கீரிப்பாறை மக்களுக்கு இவ்வுண்மையைத் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை. ரப்பர் பாலில் தண்ணீர் கலந்துள்ளதா என்பதை, அதில் அடங்கிய உலர் ரப்பரின் அளவைச் சோதித்து அறிகின்றனர். புகையூட்டிய ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழி, அழுக்கு, கறை ஆகியவற்றைக் கண்டு தரம் பிரிக்கின்றனர். பொருளாயின் இவ்வாறு கண்ணால் கண்டு தேரலாம். நம் பார்வைக்கு அப்பால் ஒருவர் செய்யும் பணியை எவ்வாறு தேர்வது? இவ்வினாவுக்கு இக்காலம் தந்துள்ள விடைகளுள் ஒன்று இணைய மதிப்புரை. அதனுள் புகுந்துள்ள பொய்மையையும், வளர்ப்பு விலங்குகளைப் பேணும் சிறு தொழில்களுக்கு அதனால் நேரும் கேட்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேச இயலாத வாடிக்கையாளர்

முன்னாளில் வீட்டு நாய் மிஞ்சிய சோற்றை உண்டு, திண்ணையில் படுத்து, வீட்டைக் காத்தது. ஆடு மாடுகளுக்கு நோய் வந்தால் அரசு கால்நடை மருந்தகத்தை நாடினோம். இன்று நிலை மாறியுள்ளது. நாய்களையும் பூனைகளையும் குளிப்பாட்டி முடி திருத்தும் நிலையங்கள், வெளியூர் செல்வோரின் விலங்குகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள், தனியார் மருந்தகங்கள், தீவனக் கடைகள் எனப் பல தொழில்கள் நகரங்களில் தோன்றியுள்ளன. இவற்றுள் பலவும் ஒருவரோ ஒரு குடும்பமோ சிறு முதலைக் கொண்டு நடத்துபவை.

இத்தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உணவகத்தில் உண்ட உணவின் தரத்தை நாக்கு கூறிவிடும். தைத்து வாங்கிய சட்டையின் குறையைக் கண்ணாடி காட்டிவிடும். ஒரு திருமணத்துக்காக நான்கு நாள் விட்டுச்சென்ற நாய்க்கு வேளாவேளைக்கு உணவு கிடைத்ததா, வெயிலில் கட்டப்பட்டதா, அடிபட்டதா என்பதை அந்த நாய் நம்மிடம் கூற இயலாது. பணம் தருபவர் ஒருவர். பணியைப் பெறுவதோ வாயில்லா உயிர். ஆதலின் பிறர் கூறும் சான்றையே நாம் பெரிதும் சார்ந்திருக்கிறோம்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு சீர்கெடுகிறது என்பதை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். நல்லதையும் தீயதையும் பிரித்தறிய இயலாத நிலையில் வாங்குபவர் நல்லதற்குரிய விலையைத் தர முன்வருவதில்லை. நல்லதை விற்பவர் நாளடைவில் சந்தையை விட்டே விலகுகிறார். பழைய மோட்டார் வண்டிச் சந்தையைக் கொண்டு அவர் கூறிய இக்கருத்து நாய் பேணும் இல்லத்துக்கும் முற்றும் பொருந்துவதாகும். அவருக்கு 2001-ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

நட்சத்திரங்களின் மதிப்பு

மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரம் மிக நன்று. ஒரு நட்சத்திரம் மிகத் தாழ்வு. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த மைக்கேல் லூக்கா என்னும் அறிஞர், ஒரு நட்சத்திர உயர்வு வருவாயை 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்த்துகிறது என 2011-ஆம் ஆண்டு கண்டறிந்தார். இவ்விளைவு தனியார் நடத்தும் உணவகங்களிலேயே காணப்பட்டது. பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களில் காணப்படவில்லை. பெரிய நிறுவனத்தின் பெயரே அதற்குச் சான்றாக நிற்பதால் நட்சத்திரம் அதற்கு இன்றியமையாததன்று. சிறியவருக்கோ அதுவே முகவரி.

ஓர் எளிய கணக்கால் இதனை உணரலாம். பத்துப் பேர் ஐந்து நட்சத்திரம் அளித்த ஒரு சிறு நிலையத்தின் சராசரி 5. போட்டியாளர் ஒருவர் மூன்று பொய்ப் பெயர்களில் ஒரு நட்சத்திரம் இட்டால் அது ஏறத்தாழ 4.1 ஆகக் குறைகிறது. ஆயிரம் பேர் மதிப்பிட்ட பெரிய நிறுவனத்தில் அதே மூன்று பொய்கள் கடலில் கரைத்த பெருங்காயமாய் மறைந்துபோகும். லூக்காவும் ஜார்ஜியோஸ் செர்வாஸும் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நற்பெயர் குன்றிய நிறுவனங்களே பொய்ப் புகழுரையை மிகுதியாக நாடுகின்றன என்றும், போட்டி மிகும்போது பொய்ப் பழியுரை மிகுகிறது என்றும் காட்டுகிறது.

பொய் பிறக்கும் இடம்

2017-ஆம் ஆண்டு இலண்டனில் ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் எனப் பயண மதிப்புரைத் தளமொன்றில் பதிந்து, நண்பர்களைக் கொண்டு புகழுரை எழுதுவித்தார். எவருக்கும் உணவு பரிமாறாத அவ்'வுணவகம்' சில மாதங்களில் அந்நகரின் உணவகங்களுள் முதலிடம் பெற்றது!

நம் நாட்டில் இது வேறு வடிவம் கொண்டுள்ளது. "வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை, ஒரு கடைக்கு ஐந்து நட்சத்திரம் இட்டால் பணம்" என்ற செய்தி கைப்பேசிக்கு வருகிறது. முதலில் சிறு தொகை உண்மையாகவே வந்து சேர்கிறது. பின்னர் "பெரிய பணிக்கு முன்பணம் செலுத்துக" என்கின்றனர். செலுத்திய பணம் திரும்புவதில்லை. இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளிலும் முதலீட்டு மோசடிகளிலும் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை நடுவண் அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. பணம் இழந்தோர் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடலாம். வேலை தேடும் இளைஞரே இவ்வலையில் எளிதில் சிக்குவர் என்பதை மாணவர்கள் நெஞ்சில் இருத்த வேண்டும். காணாத கடைக்கு நற்சான்று அளிப்பவர், அறியாமலே வேறொரு குடும்பத்தின் பிழைப்பில் கைவைக்கிறார்.

சட்டமும் அதன் எல்லையும்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்னும் தரநெறியை வெளியிட்டது. மதிப்புரை எழுதுபவர் யார் எனச் சரிபார்த்தல், விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை விலக்குதல் முதலியவை அதன் கூறுகள். தொடக்கத்தில் அது தன்விருப்ப நெறியாகவே அமைந்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறைகளைத் தடுக்கிறது. 1915 என்னும் எண்ணில் நுகர்வோர் குறைகளைத் தெரிவிக்கலாம். அமெரிக்காவில் பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கூகுள் நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் மட்டும் விதிமீறிய 24 கோடிக்கும் மேற்பட்ட மதிப்புரைகளைத் தடுத்தோ நீக்கியோ உள்ளதாகத் தெரிவித்தது. பொய்யின் பெருக்கத்தை இவ்வெண் உணர்த்தும்.

மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில் விலங்குகளைப் பேணும் நிறுவனம் ஒன்று, தன்னைக் குறைகூறி ஒரு நட்சத்திரம் இட்ட தம்பதியர்மீது வழக்குத் தொடுத்து, பத்து இலட்சம் டாலர் வரை இழப்பீடு கோரியது. தொட்டி மீனுக்கு இரை மிகுதியாக இடப்பட்டது என்பது தம்பதியர் கூறிய குறைகளுள் ஒன்று. 2016-ஆம் ஆண்டு நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. உண்மையான மதிப்புரையை ஒப்பந்தத்தால் தடுக்கலாகாது என்னும் சட்டமும் அவ்வாண்டு இறுதியில் அந்நாட்டில் இயற்றப்பட்டது. பொய்யைப் பரப்புவதும் மெய்யை அடக்குவதும் ஒருசேர நம்பிக்கையைக் குலைப்பனவே.

தெரிந்து தெளிதல்

வள்ளுவர் ஐம்பத்தோராம் அதிகாரத்துக்கு இட்ட பெயர் 'தெரிந்து தெளிதல்' என்பதாகும். ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் அவர் ஒருங்கே விலக்குகிறார். இணைய மதிப்புரைக்கும் இதுவே அளவுகோல்.

சில நாள்களுக்குள் குவிந்த புகழுரைகளையும், பணியாளர், விலங்கு, நிகழ்ச்சி எதனையும் சுட்டாத பொதுமொழிகளையும் ஐயத்துடன் நோக்குக. ஒரே நாளில் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகர்கோவிலிலும் கடைகளை மதிப்பிட்டவர் நம்பத்தக்கவரல்லர். நேரில் சென்று கூண்டின் தூய்மையையும் தண்ணீர்க் கலத்தையும் காண்க. பிற விலங்குகளின் தடுப்பூசிச் சான்றைக் கேட்டுப் பெறும் இல்லமே பொறுப்புள்ள இல்லம். ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய், அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பது. அங்கே நட்சத்திரத்தை மட்டும் நம்புவது மனித உயிரையும் பணயம் வைப்பதாகும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டப்படி மருத்துவர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டின் விதிகளின்படி வளர்ப்பு விலங்குகளை விற்கும் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் கேட்டறிவது நம் உரிமை.

இறுதியாக ஒன்று. மனநிறைவு அடைந்தோர் பெரும்பாலும் எதுவும் எழுதுவதில்லை. அவர்கள் விட்ட வெற்றிடத்திலேயே பொய்யர் குடியேறுகின்றனர். நம் நாயையோ பூனையையோ ஒரு சிறு நிலையத்தார் அன்புடன் பேணினால், என்று சென்றோம், என்ன செய்தனர், எவ்வளவு பெற்றனர், எது நன்று, எது குறை என்பதை நான்கு வரிகளில் நம் பெயரிட்டு எழுதுவோம். காணாததை எழுதாதிருப்போம், கண்டதை மறைக்காதிருப்போம். நேர்மையாய் உழைக்கும் சிறு தொழிலாளிக்கும், பேசத் தெரியாத அவ்வுயிர்க்கும் நாம் செய்யக்கூடிய உதவி இதுவே ஆகும்.