1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்து!

ஊர்ப் பேரிலேயே ‘எரி’ இருக்கு. எரியோட்டிலிருந்து திண்டுக்கல் காலேஜுக்கு தினமும் வண்டியில போய் வர்ற நீங்க, டேங்க்ல இருக்கிற பெட்ரோல் எப்படி எரியுதுன்னு யோசிச்சதுண்டா?

1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். பெட்ரோல் கூடினா ‘ரிச்’, காற்று கூடினா ‘லீன்’. கார்புரேட்டர் வண்டியில மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூவைத் திருப்பி, சத்தத்தைக் கேட்டே இதை செட் பண்ணிடுவார். ஆனா அந்த செட்டிங் நம்ம ஊர் காத்துக்கு மட்டும்தான். அதே வண்டியை கொடைக்கானலுக்கு ஏத்தினா, 2,100 மீட்டர் உயரத்துல காற்றழுத்தம் இங்கே இருக்கிறதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கம்மி. அந்த அளவுக்கு பெட்ரோல் குறையாது. விளைவு, கரும்புகை, இழுவை காலி!

இன்ஜெக்ஷன் கார்ல இந்த வேலையை ஈ.சி.யூ. பார்த்துக்குது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 வந்ததும் புது பைக்குகளுக்கும் இதே கதைதான். சைலன்சர் பைப்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சார் புகையை மோப்பம் பிடிச்சுச் சொல்ல, ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். இந்தத் திருத்தத்துக்குப் பேர் ‘ஃபியூயல் ட்ரிம்’. (1976-ல் வோல்வோ கார்ல பாஷ் கம்பெனி ஆரம்பிச்சு வெச்ச ஐடியா இது.)

இப்போ ஸ்கேனரை மாட்டுறீங்க. ட்ரிம் ப்ளஸ் 15-னு காட்டுது. உடனே லேப்டாப்பைத் திறந்து மேப்ல 15 சதவீதம் கூட்டினா... அங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க! அது நோயை மறைக்கிற வேலை. ஐடிலிங்ல மட்டும் ப்ளஸ், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா சரியாகுதா? இன்டேக் பக்கம் எங்கேயோ ஹோஸ் கிழிஞ்சு காத்து உள்ளே போகுது. லோடு ஏற ஏற ப்ளஸ் கூடுதா? ஃபியூயல் ஃபில்டரையும் பம்ப்பையும் பாருங்க.

எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே ப்ளஸ்னா, எஞ்சின் மேல தப்பே இல்லாம இருக்கலாம். பெட்ரோலே மாறியிருக்கே! 20 சதவீத எத்தனால் கலந்த இ-20-க்கு வேண்டிய காற்று சுமார் 13.5 கிலோதான். சுத்த பெட்ரோலுக்கு எழுதின மேப்ல சுமார் 8 சதவீதம் பற்றாக்குறை விழும். இதுல ஒரு தமாஷ்: பெட்ரோல் கணக்குல செட் பண்ணின மீட்டர் அப்பவும் 14.7-னுதான் காட்டும். ஏன்னா சென்சாருக்குத் தெரிஞ்சது ‘லேம்டா’ மட்டும்தான். தேவையும் வரவும் சரியா இருந்தா லேம்டா 1. எந்த எரிபொருளா இருந்தாலும் அதேதான். அதனால லேம்டாவிலேயே பேசிப் பழகுங்க.

உண்மையான ஆபத்து ஃபுல் த்ராட்டில்ல. பெரும்பாலான சாதாரண கார்கள்ல அந்த நேரம் ஈ.சி.யூ. சென்சார் பேச்சைக் கேட்காது, மேப்பை நம்பித்தான் ஓடும். அங்கே லீனா இருந்தா நாக்கிங், அதுவே நீடிச்சா பிஸ்டன்ல ஓட்டை. கம்பெனி சென்சார் பெரும்பாலும் ‘ரிச்சா, லீனா’ன்னு மட்டும்தான் சொல்லும். எவ்வளவுன்னு தெரிய வைட்பேண்ட் சென்சார் வேணும். 0.88 வேண்டிய இடத்துல 0.95 காட்டுதா? 0.95-ஐ 0.88-ஆல் வகுத்தா 1.08. மேப்ல அந்தக் கட்டத்துல 70 இருந்தா 75.6 ஆக்குங்க. அடுத்து திரும்ப அளந்து பாருங்க. இதையெல்லாம் டைனோவில் செய்யணும். வேடசந்தூர் நாலு வழிச்சாலையில் வேண்டாம் சாமி!

கைவைக்க ஆசையா? கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடக்குது. காரைக் கட்டுறதே காலேஜ் பசங்கதான். பெட்ரோல் எஞ்சின் காற்று இழுக்கிற வழியை 20 மில்லிமீட்டர் துளையாச் சுருக்கணும்னு ரூல். கம்பெனி எழுதின மேப் அங்கே பருப்பு வேகாது. கட்டம் கட்டமா நீங்களேதான் திருத்தணும். உங்க காலேஜ்ல டீம் இருக்கான்னு திங்கட்கிழமை மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல விசாரிங்க!